நடுநிலை என்பது நாவடக்கமா?

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். ஏறாது என்று முதலில் சொன்னவன் ஏழையா, அம்பலத்தில் அமர்ந்திருந்தவனா என்று எவரும் கேட்பதில்லை. பழமொழியாயிற்றே, பணிந்து போவோம் என்று இருந்துவிடுகிறோம்.

மனிதருக்குச் சொன்ன இந்த மொழியை நாடுகளுக்கும் சொல்லுகிறார்கள். எங்கோ ஒரு நாட்டிலே குண்டு விழுகிறது, குழந்தைகள் சாகின்றன. எங்கோ ஓர் இனம் பிறந்த மண்ணைவிட்டு விரட்டப்படுகிறது. எங்கோ ஒரு சிறைக்கூடத்தில் கைதியின் தலையிலே கறுப்புத் துணி கவிழ்க்கப்படுகிறது. சின்னஞ்சிறு நாடொன்று எழுந்து, இது கொடுமை என்று கூறுகிறது. உடனே அறிவுரை வழங்கப் பலர் வந்துவிடுகின்றனர். உன்னிடம் படை உண்டா? பணம் உண்டா? வல்லரசின் சினத்தைத் தாங்கும் வலிவுதான் உண்டா? இல்லையென்றால், நமக்கேன் வம்பு என்று இருந்துவிடு. அதற்கு அழகான பெயரும் இருக்கிறது, நடுநிலைமை!

இந்தப் பேச்சைக் கோழையின் பேச்சு என்று கூறிக் கைகழுவிவிட முடியாது. நாட்டை ஆள்வோர் தம் உயிரை மட்டுமா பணயம் வைக்கின்றனர்? தம்மை நம்பிய மக்களின் உயிரையும் உணவையும் வேலையையும் அல்லவா வைத்துப் பேசுகின்றனர்! எனவே, வெறும் வீரவசனம் இதற்கு விடையாகாது. வாழ்ந்து காட்டிய ஒரு நாட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அது எங்கே நிமிர்ந்தது, எங்கே தலை தாழ்ந்தது என்று ஆராய்வதே அறிவுடைமை.

அயர்லாந்தை எடுத்துக்கொள்வோம். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 51 இலட்சம். சென்னைப் பெருநகரத்தில் வாழ்வோர் தொகையினும் குறைவு! நூற்றாண்டுக் கணக்கில் ஆங்கில ஆதிக்கத்தின்கீழ் நைந்து, 1922இல் தன்னாட்சி பெற்ற நாடு. அதுவும் வடபகுதி பிரிட்டனுடனேயே நின்றுவிட, துண்டாடப்பட்ட நாடு. எந்தப் படைக் கூட்டணியிலும் அது சேரவில்லை. நமக்கேன் வம்பு என்று கூற அதைவிடத் தகுதி வாய்ந்த நாடு வேறு இராது.

அதன் கதைக்குள் நுழையுமுன், நடுநிலைமை என்ற சொல்லையே சற்று உரசிப் பார்ப்போம். வள்ளுவர் தம் நூலிலே நடுவு நிலைமை என்று ஓர் அதிகாரம் வைத்தார். அங்கே அச்சொல்லுக்கு ஒதுங்கி நிற்றல் என்ற பொருள் இல்லை. பகைவன், நண்பன், இரண்டுமல்லாத அயலான் என்ற வேறுபாடு பாராமல், மூவரிடத்தும் அறம் வழுவாது நிற்றல் என்றே உரை வகுத்தார் பரிமேலழகர். துலாக்கோலும் நடுவிலேதான் நிற்கிறது. ஆனால், எடைபோட மறுத்து நிற்கிறதா? கனத்த தட்டின் பக்கம் தாழ்ந்து காட்டாத கோலை நேர்மையான கோல் என்று எந்த வணிகரும் கூறமாட்டார். துருப்பிடித்த கோல் என்று தூக்கி எறிவார்.

ஆகவே, போரிலே சேராதிருத்தல் வேறு. தீர்ப்புக் கூறாதிருத்தல் வேறு. முன்னது, தன் மக்களின் நலன் கருதி ஓர் அரசு எடுக்கும் முடிவு. பின்னது, மனச்சான்றுக்குப் போடும் தாழ்ப்பாள். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்துக் காட்டுவதிலேதான் சூது இருக்கிறது. அந்தச் சூதுக்கு ஒருமுறை அயர்லாந்தே ஆளாயிற்று.

இரண்டாம் உலகப் போரிலே அயர்லாந்து சேரவில்லை. அந்த முடிவுக்குக் காரணம் இருந்தது. அடிமைத்தளை அறுந்து இருபது ஆண்டுகூட ஆகவில்லை. உள்நாட்டுப் போரின் புண் ஆறவில்லை. கையிலே தக்க படைக்கலமும் இல்லை. வெளியே சேராவிட்டாலும், தன் மண்ணில் வந்து விழுந்த நேசநாட்டு விமானிகளை வடக்கே அனுப்பி வைத்தது. வானிலைக் குறிப்புகளை நேசநாடுகளுக்கு வழங்கியது. இதுவரை குறை காண்பதற்கில்லை. ஆனால், 1945 மே 2ஆம் நாள், இட்லர் இறந்த செய்தி கேட்டு, அயர்லாந்தின் தலைமை அமைச்சர் ஈமன் டி வலேரா, டப்ளின் நகரிலிருந்த ஜெர்மன் தூதர் ஹெம்பெல் என்பாரிடம் சென்று துக்கம் விசாரித்தார்!

பெல்சன் கொலைக்கூடம் திறக்கப்பட்டு இரண்டு வாரங்கள் கடந்துவிட்ட நேரம் அது. பிணக்குவியலின் படங்கள் உலகைக் குலுக்கிக்கொண்டிருந்த நேரம். அப்போது துக்கம் விசாரிப்பா? தூதரக மரபு அது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட் இறந்தபோது இரங்கல் தெரிவித்தோம், இப்போது தெரிவிக்காவிடில் ஒருதலைச் சார்பாகும் என்பதே அவர் தரப்பு வாதம். இரு பக்கமும் ஒரே அளவு மரியாதை! கணக்குச் சரிதான். எடைதான் தவறு. ஒரு தட்டிலே ஒரு நாட்டின் தலைவர் மறைவு. மறு தட்டிலே பல இலட்சம் மக்களைப் புகையாக்கியவனின் முடிவு. இரண்டும் ஒன்று என்று காட்டிய அந்தக் கோல், நடுநிலையின் பெயரால் அநீதிக்கு வணக்கம் வைத்தது.

இத்தனைக்கும் டி வலேரா அறம் அறியாதவரல்லர். 1932இல் ஜெனிவாவிலே நாடுகளின் கழக மன்றத்துக்குத் தலைமை தாங்கியபோது, கழகத்தின் விதி சிறிய நாட்டுக்கும் பெரிய நாட்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர்தாம். 1935இல் முசோலினியின் இத்தாலி அபிசீனியாவின்மீது பாய்ந்தபோது, கத்தோலிக்க நாடாயிற்றே என்று தயங்காமல், இத்தாலிக்கு எதிரான பொருளாதாரத் தடையை ஆதரித்தார். அறத்தை அறிந்தவரே சறுக்கினார் என்றால், காரணம் அறியாமையன்று. மரபு என்ற போர்வைக்குள் புகுந்துகொண்டு எடைபோடும் வேலையைத் தட்டிக் கழித்தமையே.

அந்தச் சறுக்கலுக்கு முன்னோட்டமும் உண்டு. 1938 ஜூலையில் பிரான்சு நாட்டின் எவியான் நகரிலே 32 நாடுகள் கூடின. நாஜிகளிடமிருந்து தப்பி ஓடிவரும் யூதருக்கு எங்கே இடம் கொடுப்பது என்பது பேச்சு. வேலையில்லாத் திண்டாட்டம் எங்கள் நாட்டிலே, எங்கள் மக்களே பிழைப்புத் தேடி வெளிநாடு போகிறார்கள், எங்களால் ஏற்க இயலாது என்றது அயர்லாந்து. ஏனைய நாடுகள் பலவும் அதையே வெவ்வேறு சொற்களில் கூறின. அயர்லாந்து மட்டும் கதவை மூடவில்லை. என்றாலும், அதன் வரலாற்றை அறிந்தவருக்கு அந்தக் கதவின் ஓசை சற்று அதிகமாகவே கேட்கும்.

ஏனெனில், 1845 முதல் 1852 வரை அயர்லாந்தைச் சூறையாடிய உருளைக்கிழங்குப் பஞ்சத்திலே ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மடிந்தனர்; மேலும் 10 இலட்சம் பேருக்குமேல் கப்பலேறி ஓடினர். நாட்டிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்த போதே மக்கள் பட்டினியால் செத்தனர்! அந்நாளில் உதவிக்கரம் நீட்டியோரில் அமெரிக்கப் பழங்குடியினரான சாக்டா மக்களும் இருந்தனர். 1831 தொடங்கித் தம் சொந்த நிலத்தைவிட்டு விரட்டப்பட்டு, வழியெல்லாம் பிணம் புதைத்துச் சென்ற மக்கள் அவர்கள். 1847இல் அவர்கள், கண்ணால் காணாத ஒரு தீவின் பசிக்காகத் தம்மிடமிருந்த காசைத் திரட்டி அனுப்பினர். அந்த நன்றிக்கு அடையாளமாக 2017இல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்திலே ஒரு சிற்பம் திறக்கப்பட்டது.

உள்ளம் நெகிழ்கிறது. ஆனால், நெகிழ்ச்சியோடு நின்றுவிட்டால் பாடம் பாதிதான். பட்டவனுக்குத்தான் பிறர் துன்பம் தெரியும் என்பார்கள். தெரிந்துதான் ஆகவேண்டும் என்றால், பஞ்சத்திலே கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் 1938இல் கதவை மூடியிருக்கமாட்டார்களே! பட்ட துன்பம் பரிவைத் தரலாம். தன்னைப்போல் இருப்பவனைக் கண்டால் மட்டும் அப்பரிவு சுரக்கும், தன்னைப்போல் இல்லாதவனைக் கண்டால் வற்றிவிடும். ஆகவே, பரிவை மட்டும் நம்பி ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கையை அமைக்க முடியாது. எனக்கு எதிராகச் செய்தால் எது குற்றமோ, அது எவருக்கு எதிராகச் செய்தாலும் குற்றம்; என் பகைவன் செய்தால் எது குற்றமோ, அது என் நண்பன் செய்தாலும் குற்றம். இது உணர்ச்சியின் வேலையன்று, பகுத்தறிவின் வேலை.

அந்த வேலையை அயர்லாந்து செய்து காட்டிய காலமும் உண்டு. 1955 டிசம்பரில் அது ஐக்கிய நாடுகள் மன்றத்தில் உறுப்பினராயிற்று. 1957இல் வெளியுறவு அமைச்சர் பிராங்க் எய்க்கன், செஞ்சீனத்துக்கு மன்றத்தில் இடம் தருவதுபற்றி விவாதிக்கவாவது செய்யலாம் என்று வாக்களித்தார். அமெரிக்கா சீறியது. அமெரிக்காவிலிருந்த கத்தோலிக்கத் தலைமையும் கொதித்தது. கம்யூனிஸ்டுகளுக்குக் கைகொடுக்கிறான் ஐரிஷ்காரன் என்றார்கள். இரண்டே ஆண்டுகள் சென்றன. 1959இல் அதே சீனம் திபெத்திலே மக்களின் எழுச்சியை நசுக்கியபோது, மலாயாவுடன் சேர்ந்து, திபெத்தியரின் அடிப்படை உரிமைகளை மதிக்குமாறு கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தது எது? அதே அயர்லாந்து! அக்டோபர் 21ஆம் நாள் தீர்மானம் நிறைவேறிற்று. திபெத்தின் அண்டை நாடான இந்தியா வாக்களிக்காமல் விலகி நின்றது.

சீனத்துக்கு நண்பனா அயர்லாந்து? இல்லை. பகைவனா? அதுவும் இல்லை. பேசும் உரிமை சீனத்துக்கும் உண்டு, வாழும் உரிமை திபெத்துக்கும் உண்டு என்றது. இதுதான் நடுவு நிலைமை!

பேசி என்ன பயன், திபெத்துக்கு விடிவு வந்ததா என்று கேட்பர். வரவில்லை. மறைப்பானேன்? தீர்மானம் பீரங்கியைத் திருப்பவில்லை. ஆயினும், பயன் இன்று விதைத்து நாளை அறுப்பதாகவே இருக்கவேண்டுமென்பதில்லை. 1958இல் அணுகுண்டு மேலும் பல நாடுகளின் கைக்குப் போகாமல் தடுக்க வேண்டும் என்ற கருத்தை எய்க்கன் மன்றத்தின்முன் வைத்தார். அவ்வாண்டு அது முழுமையாக ஏற்கப்படவில்லை. மீண்டும் வந்தார், மீண்டும் வந்தார். 1961 டிசம்பர் 4ஆம் நாள் அயர்லாந்தின் தீர்மானத்தை மன்றம் ஒருமனதாக ஏற்றது. அதன் வழிவந்ததே 1968ஆம் ஆண்டின் அணுப்படைக்கலப் பரவல் தடை ஒப்பந்தம். ஏற்கெனவே குண்டு வைத்திருப்போரை விட்டுவிட்டு, இல்லாதவரை மட்டும் கட்டுகிறதே என்று இந்தியா அதனை ஏற்க மறுத்தது. அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. எனினும், குண்டு ஒன்றுகூட இல்லாத நாடு, குண்டு வைத்திருந்தோரை ஒப்பந்த மேசைக்கு அழைத்து வந்தது என்பதை எவர் மறுக்க முடியும்? ஏழை சொல் அம்பலம் ஏறிற்று. ஒரே நாளில் அன்று, பத்தாண்டு படியேறி!

வலியவனுக்குப் படை இருக்கிறது. எளியவனுக்குச் சட்டம் ஒன்றுதான் படை. 1971இல் வட அயர்லாந்திலே, விசாரணையின்றிச் சிறைப்பட்டோரில் சிலரைப் பிரிட்டிஷ் படையினர் தலையை மூடி, சுவரோரம் மணிக்கணக்கில் நிற்கவைத்து, காது செவிடுபடும் ஓசையில் ஆழ்த்தி, உறக்கமும் உணவும் மறுத்து வதைத்தனர். அயர்லாந்து பட்டாளத்தை அனுப்பவில்லை. ஐரோப்பிய மனித உரிமை அமைப்பின்முன் வழக்குத் தொடுத்தது. நேற்றைய எசமானனைக் கூண்டிலே நிறுத்தியது! அம்முறைகளை மீண்டும் கையாளமாட்டோம் என்று 1977இல் நீதிமன்றத்தின்முன் உறுதி கூறிற்று பிரிட்டன். 1978இல் தீர்ப்பு வந்தது: அது மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் கொடுமை; ஆனால், சித்திரவதை என்ற சொல் பொருந்தாது. அந்த ஒற்றைச் சொல் விலக்கப்பட்டதைக் கால் நூற்றாண்டுக்குப்பின், 2002இல், அமெரிக்க அரசின் வழக்கறிஞர்கள் தம் கைதிகளைக் கடுமையாக விசாரிப்பதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டனர். எடையைச் சற்றே குறைத்துச் சொன்னால் அந்தக் குறை எத்தனை தொலைவு பயணம் செய்கிறது, பாரீர்!

அந்த அமெரிக்கா 2003இல் ஈராக்கின்மீது பாய்ந்தது. அயர்லாந்து போரில் சேரவில்லை. ஆனால், ஷானன் விமான நிலையத்திலே அமெரிக்கப் படையாட்கள் இறங்கி ஏறிச் செல்ல இசைவு தந்தது. பிப்ரவரி 15ஆம் நாள் டப்ளின் தெருக்களிலே ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் எதிர்த்து அணிவகுத்தும் அரசு அசையவில்லை. ஏன்? அமெரிக்க நிறுவனங்களின் முதலீடு அயர்லாந்தின் பொருளாதாரத்துக்குத் தூண். சீனத்தை எடைபோட்ட கை, நண்பன் தட்டிலேறியதும் நடுங்கிற்று. பகைவனின் குற்றம் பேசுவது எளிது. உண்மைச் சோதனை, படியளப்பவனின் குற்றம் பேசுவதில் இருக்கிறது.

அப்படிப் பேசுவோர் எங்கிருந்து வருவர்? அமைச்சர் மாளிகையிலிருந்து மட்டுமன்று. 1984 ஜூலையில், டப்ளின் நகரின் டன்ஸ் கடையிலே பணியாற்றிய மேரி மானிங் என்ற 21 வயதுப் பெண், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பம்பளிமாசு வகைப் பழத்தை விற்றுப் பணம் வாங்க மறுத்தார். நிறவெறி ஆட்சியின் விளைபொருளைத் தொடவேண்டாம் என்பது தொழிற்சங்கத்தின் முடிவு. அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தனர். அவருடன் ஒருசில தோழர்களும் வெளியேறினர். மழையிலும் குளிரிலும், வார ஊதியமின்றி, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நின்றனர். 1987இல் அயர்லாந்து அரசு தென்னாப்பிரிக்கப் பழங்களுக்கும் காய்கறிகளுக்கும் தடை விதித்தது. 1990இல் டப்ளின் வந்த நெல்சன் மண்டேலா அவர்களைச் சந்தித்தார். கடைப் பணியாளர் சிலர் கை மடக்கிக்கொண்டனர். ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கை திரும்பிற்று!

இவர்கள் வாழ்விலிருந்து தெரிவது, சொல்லுக்கு விலை உண்டு என்பது. ஐக்கிய நாடுகள் அமைதிப்படையில் சென்ற அயர்லாந்து வீரர்களில் 80க்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர். 1960 நவம்பரில் காங்கோவின் நீம்பா அருகே ஒரே தாக்குதலில் 9 பேர் மாண்டனர். விலை கொடாத சொல்லுக்கு அம்பலத்தில் மதிப்பில்லை. பாலஸ்தீனத்தையே பாருங்கள். 1980இல் பாலஸ்தீனர்க்குத் தனியரசு உரிமை உண்டென்று அயர்லாந்து கூறிற்று. 2018இல், ஆக்கிரமிக்கப்பட்ட நிலத்துக் குடியேற்றங்களின் பொருளை வாங்கக்கூடாது என்னும் சட்ட முன்வடிவு அதன் மேலவையில் எழுந்தது. அரசோ ஐரோப்பிய விதிகளைக் காட்டி ஆண்டுக்கணக்கில் தடுத்துவந்தது. 2023 அக்டோபர் 7ஆம் நாள் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டதைக் கொடுமை என்றது. அதன்பின் காசாவிலே பல்லாயிரவர் கொல்லப்பட்டதையும் கொடுமை என்றது. 2024 மே 28ஆம் நாள் நார்வே, ஸ்பெயின் நாடுகளுடன் சேர்ந்து பாலஸ்தீன அரசை ஏற்றது. 2025 ஜனவரியில், தென்னாப்பிரிக்கா தொடுத்த வழக்கிலே உலக நீதிமன்றத்தின்முன் தன் கருத்தைச் சேர்த்தது. இஸ்ரேல் தன் டப்ளின் தூதரகத்தை மூடுவதாக அறிவித்தது. ஏற்பு அறிக்கைக்கு மை போதும். வாணிகத்தை நிறுத்தப் பணப்பை வேண்டும். மையின் அளவுக்குப் பணப்பையும் திறந்ததா என்பதே அயர்லாந்தை நோக்கி எழும் கேள்வி.

பேச்சு மட்டுமன்று, பேரமும் சில வேளை அறமாகும். 2021, 2022ஆம் ஆண்டுகளில் பாதுகாப்பு மன்றத்தில் இடம்பெற்ற அயர்லாந்தும் நார்வேயும், சிரியாவின் வடமேற்கிலிருந்த மக்களுக்குத் துருக்கி எல்லை வழியே உணவும் மருந்தும் செல்ல வழிசெய்யும் தீர்மானத்தைத் தாங்கி நின்றன. 2022 ஜூலையில் ஓராண்டு இசைவு கேட்டனர். ரஷ்யா தன் மறுப்பு வாக்கால் வீழ்த்தியது. ஆறு மாதத்துக்கு இசைந்து வண்டிகளை ஓடச் செய்தனர். சிலர் இதனை விட்டுக்கொடுத்தல் என்பர். பசித்தவனுக்கு ஆறு மாத உணவு, குறைவான வெற்றியா? எடையைப் பொய்யாகச் சொல்வதுதான் துரோகம். எடையை உள்ளபடி சொல்லிவிட்டு, கிடைத்த மட்டும் பெற்றுத் தருவது கடமை.

இன்னும் ஒரு கணை பாக்கியிருக்கிறது. உன் வீடு ஒழுங்கா என்பர். நியாயமான கணை. எய்க்கன் மன்றத்திலே மனித உரிமை பேசிய அதே ஆண்டுகளில், அயர்லாந்தின் கன்னிமாடச் சலவைச்சாலைகளிலே, ஒழுக்கம் தவறியவர்கள் என்று சமயவாதிகள் முத்திரை குத்திய பெண்கள் கூலியின்றி அடைபட்டுத் துணி வெளுத்துக்கொண்டிருந்தனர். கடைசிச் சலவைச்சாலை மூடப்பட்டது 1996இல். அரசு மன்னிப்புக் கேட்டது 2013இல்! 2022க்குப்பின் உக்ரைனிலிருந்து ஓடிவந்த ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அயர்லாந்து புகலிடம் தந்தது. எவியானுக்கு அது ஒரு மறுமொழிதான். ஆனால், 2023 நவம்பரிலே குடியேறியோர்மீது வெறுப்பைக் கக்கும் கும்பல் டப்ளினில் பேருந்துகளைக் கொளுத்தியது. அயலார் உரிமை பேசும் நாட்டிலே அயலார் பகையும் வளர்கிறது.

இதனால், அயர்லாந்து வாய் திறக்கவே கூடாதா? குறையுள்ளவர் பேசக்கூடாதென்றால், பின் உலகிலே கொடுமையாளன் ஒருவனுடைய குரல்தான் கேட்கும்! வெளியே கூறிய நீதியை உள்ளேயும் கொண்டுவா என்று அந்நாட்டு மக்கள் கேட்கலாம், கேட்டார்கள். சலவைச்சாலைப் பெண்களுக்கு மன்னிப்பு அப்படித்தான் வந்தது. பிறருக்காகப் பேசிய சொல், பேசியவனையே ஒருநாள் பிடித்து நிறுத்தும். அதனாலேயே ஆதிக்கவாதிகள் அச்சொல்லைப் பிறக்கவிடாமல் தடுக்கப் பார்க்கின்றனர்.

அயர்லாந்தின் கதை நமக்கு முற்றிலும் அயலன்று. அதன் 1937ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலிருந்துதான், அரசுக்கு வழிகாட்டும் கோட்பாடுகள் என்னும் முறையை இந்திய அரசியல் சட்டம் எடுத்துக்கொண்டது. அந்தக் கோட்பாடுகளில் ஒன்றான 51ஆம் பிரிவு, உலக அமைதியையும் நாடுகளுக்கிடையே நீதியும் மதிப்பும் நிலவும் உறவையும் அரசு பேண முயல வேண்டும் என்கிறது. வழக்கு மன்றத்தில் கேட்டுப் பெற முடியாத பிரிவு அது. மக்கள் மன்றத்தில்தான் கேட்டுப் பெறவேண்டும்.

இளைஞர்களே! நம் நாட்டுத் தூதர் உலக மன்றத்திலே கை தூக்கும்போதும், தூக்காமல் விலகி நிற்கும்போதும், அது நம் பெயரால் நடக்கிறது. நடுநிலை வகித்தோம் என்ற செய்தி ஏட்டிலே வரும்போது, மகிழவும் வேண்டாம், சினக்கவும் வேண்டாம். எதனை எதனோடு நிறுத்தீர், எந்தத் தட்டு தாழ்ந்தது, அதனை ஏன் சொல்லவில்லை என்று கேளுங்கள். விடை வருமளவும் கேளுங்கள்.